விலைக்கு ஓர் இடி



என் வீடு கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருகூரில். சில நாள் காலையில் சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சத்தம் காதுக்கு வருமுன் டம்ளருக்கு வந்துவிடும். என் பேத்தி "தேஜஸ்" என்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். பக்கத்திலுள்ள சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல், நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமான அணி இருக்கிறது. 2020 மே மாதம் இரண்டாவது அணியும் அங்கேயே தொடங்கியது. ஒருநாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "தாத்தா, இதெல்லாம் கடையில விப்பாங்களா?" என்று கேட்டாள். விற்பார்கள் என்றேன். "நம்மளுதை யாரு வாங்கினாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைய சொற்பொழிவு அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

பதில் தேடப்போன இடம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வளரும் நாடு ஒன்று மலிவு விலையில் போர் விமானம் செய்து, வெளிநாட்டுக்கு விற்றும் காட்டிய கதை வேண்டுமென்றால் பாகிஸ்தானுக்குத்தான் போக வேண்டும். ஜேஎஃப்-17 என்பது அந்த விமானம். 'தண்டர்', அதாவது இடி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் கடை போட்டு, அங்கே நாலு பேர் வந்து போகிறார்கள் என்றால், வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

கதை ஒரு பாலைவனத்தில் தொடங்குகிறது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தவரை பாகிஸ்தான் அமெரிக்காவுக்குச் செல்லப்பிள்ளை. எண்பதுகளில் 40 எஃப்-16 விமானங்கள் கிடைத்தன. மேலும் கேட்டுப் பணமும் கட்டினார்கள். சோவியத் படை வெளியேறியது. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்று தர வேண்டும் என்பது பிரெஸ்லர் திருத்தம். 1990 அக்டோபரில் அந்தச் சான்று வரவில்லை. செய்து முடித்த 28 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில், பழைய விமானங்களை நிறுத்திவைக்கும் தளத்தில் வெயில் காய்ந்தன. கட்டியிருந்த பணம் 65 கோடி டாலருக்கு மேல். எட்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1998-ல் கணக்குத் தீர்த்தார்கள். ஒரு பங்கு ரொக்கம், மிச்சத்துக்குக் கோதுமை முதலான சரக்கு. போர் விமானத்துக்கு முன்பணம் கட்டியவர் வீட்டில் கடைசியில் கோதுமை மூட்டை வந்து இறங்கியது. அந்த விமானங்களில் சிலவற்றைப் பிறகு அமெரிக்கக் கடற்படை, பயிற்சியில் எதிரி வேடம் போடுவதற்கு எடுத்துக்கொண்டது.

பாலைவனத்தில் நின்ற அந்த 28 விமானங்கள் இல்லாவிட்டால் ஜேஎஃப்-17 இத்தனை பிடிவாதமாக வந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்கு முன்பும் முயற்சிகள் உண்டு. எண்பதுகளில் சீனா, பாகிஸ்தான், அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் மூவரும் மிக்-21-ன் சீன வடிவத்தைப் புதுப்பிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1989 தியானன்மென்னுக்குப் பிறகு கிரம்மன் விலகியது. மிச்சமிருந்த இருவரும் 1999-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2003-ல் செங்டுவில் முதல் விமானம் பறந்தது. 2010 பிப்ரவரியில் முதல் அணி படையில் சேர்ந்தது. தேஜஸ் திட்டத்துக்கு நாம் ஒப்புதல் தந்தது 1983-ல். முதல் பறப்பு 2001 ஜனவரி 4. முதல் அணி 2016 ஜூலை. அவர்களைவிட முன்னால் கிளம்பி, முன்னால் பறந்து, ஆறு ஆண்டு பின்னால் போய்ச் சேர்ந்தோம்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். நாம் உடற்கூட்டைக் கார்பன் இழையில் செய்யவும், பறக்கும் கட்டுப்பாட்டை முழுக்க மின்னணு வழியில் நடத்தவும் நாமே கற்றுக்கொள்ளக் கிளம்பினோம். அவர்கள் உலோக உடல் போதும், தெரிந்த தொழில்நுட்பம் போதும், பெரும் பகுதியைச் சீனா பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தார்கள். பள்ளிக்கூடம் கட்டப் போனவரையும் கடை கட்டப் போனவரையும் ஒரே கடிகாரம் வைத்து அளப்பது சரியில்லை. ஆனால் வாடிக்கையாளர் வந்து நிற்பது கடை வாசலில்தான்.

அவர்களுடைய தொழிற்சாலை இருப்பது கம்ராவில், பஞ்சாப் மாகாணத்தின் அட்டோக் மாவட்டத்தில். அங்கே கை பழகியது மிராஜ் விமானங்களைப் பிரித்துப் பூட்டும் பட்டறையில். 1990-ல் ஆஸ்திரேலியா கழித்துக்கட்டிய 50 மிராஜ்களை வாங்கி, ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு மோட்டாரைப் பிரித்து, காயில் கட்டி, பேரிங் மாற்றிப் பழகிய கைதான் பிறகு சொந்தமாக மோட்டார் வார்த்தது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவரும் ஒற்றை லேத்தோடு தொடங்கியவர் என்று அழைப்பிதழில் படித்தேன். கம்ராவில் இன்று விமானத்தின் உடற்கூட்டில் 58 சதவீத வேலை நடப்பதாகச் சொல்கிறார்கள். மீதி செங்டுவில்.

உடற்கூடு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு போர் விமானத்தின் விலையில் உடற்கூடு ஒரு பங்குதான். உயிர் இருப்பது எஞ்சினில். ஜேஎஃப்-17-ன் எஞ்சின் ரஷ்யாவின் ஆர்டி-93. மிக்-29-ல் ஜோடியாகப் போடும் ஆர்டி-33-ன் தம்பி அது. அண்ணனுக்கு கியர்பாக்ஸ் மேலே இருக்கும். இந்த விமானத்தில் ஒற்றை எஞ்சின், இடமும் குறைவு. அதனால் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினார்கள். பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த எஞ்சின் ரஷ்யாவிலிருந்து சீனாவுக்கு வந்து, அங்கிருந்து பாகிஸ்தானுக்குப் போக ரஷ்யாவின் தனி அனுமதி வேண்டும். இந்தியாவுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்ப்பு சொன்னோம். 2007-ல் மாஸ்கோ அனுமதி கொடுத்துவிட்டது. 2010-ல் வேறொரு வேடிக்கை. மிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த மிகயீல் பொகோசியான், சீனாவுக்கு இந்த எஞ்சினை இனியும் கொடுக்கக் கூடாது என்று பேசினார். எகிப்துச் சந்தையில் அவருடைய மிக்-29-க்கு எதிரே மலிவு விலையில் வந்து நின்றது அவர் நாட்டு எஞ்சின் போட்ட விமானமே. மாவு கொடுத்த மில்காரரே எதிரில் இட்லிக்கடை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வாங்கியவர்கள் யார்?

கம்ராவில் இன்னொரு சரக்கு தயாராகிறது: சூப்பர் முஷ்ஷாக். ஸ்வீடனின் சாப் நிறுவன வடிவமைப்பிலிருந்து வந்த, புரொப்பெல்லர் சுழலும் சின்னப் பயிற்சி விமானம். பார்க்க ஒன்றுமில்லை. அதை நைஜீரியா வாங்கியது, அஜர்பைஜான் வாங்கியது, துருக்கியும் கத்தாரும்கூட வாங்கின. ஜேஎஃப்-17-ன் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நைஜீரியாவும் அஜர்பைஜானும் அதிலும் இருக்கின்றன. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி விமானம் வாங்கியவரின் பைலட்டுகள் அதில் கற்றுக்கொள்கிறார்கள், மெக்கானிக்குகள் கம்ராவுக்கு வந்து போகிறார்கள், உதிரிபாகம் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து, "பெரிசு ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்பது எளிது. மளிகைக் கடையில் அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்கிப் பார்த்த பிறகுதான் கல்யாண ஜாமான் சீட்டு கைமாறுகிறது.

நைஜீரியாவின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். வாங்கியது மூன்று விமானம். தொகை 18 கோடியே 43 லட்சம் டாலர். 2021 மே 21 அன்று மாக்குர்டி தளத்தில் படையில் சேர்த்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஆறு கோடி டாலருக்கு மேல். இந்த விமானத்துக்கு இரண்டரைக் கோடி டாலர் என்று பத்திரிகைகளில் அடிபட்ட விலையைப் படித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். யாரும் ஏமாற்றவில்லை. பைலட் பயிற்சி, உதிரி எஞ்சின், தரைக் கருவிகள் என்று எல்லாம் சேர்ந்துதான் விலை. மூன்று விமானத்துக்கும் இவை வேண்டும், முப்பது விமானத்துக்கும் வேண்டும். மூன்றே வாங்குகிறவர் தலையில் இந்தச் செலவு முழுக்க விழுகிறது. அதே ஆண்டில் நைஜீரியா அமெரிக்காவிடமிருந்து 12 சூப்பர் டுக்கானோ பெற்றது. புரொப்பெல்லர் விமானந்தான், கிட்டத்தட்ட 50 கோடி டாலர். அதுவும் சுலபத்தில் கிடைக்கவில்லை. 2017 ஜனவரியில் நைஜீரிய விமானப்படை ரான் என்ற ஊரில் அகதி முகாமின் மீதே குண்டு போட்டுவிட்டது. ஒபாமா அரசு விற்பனையை நிறுத்தி வைத்தது. டிரம்ப் வந்துதான் அனுமதி கிடைத்தது. இஸ்லாமாபாத்தில் இந்தக் கேள்விகள் கிடையாது. ஜேஎஃப்-17-ன் விலைச்சீட்டில் அச்சிடாத சலுகை அது.

அந்தச் சலுகைக்கு மியான்மரும் ஒரு சாட்சி. 2015-ல் 16 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்ட முதல் வெளிநாடு மியான்மர்தான். 2017-ல் ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் விரட்டப்பட்டபோது பாகிஸ்தான் அரசு கண்டன அறிக்கை விட்டது. 2018-ல் விமானங்கள் போய்ச் சேரத் தொடங்கின. அறிக்கை ஒரு துறை, ஏற்றுமதி வேறொரு துறை. பிறகு அந்த விமானங்கள் கோளாறு காரணமாகத் தரையில் நிற்பதாகச் செய்திகள் வந்தன. அவை நின்றதில் என்னால் வருத்தப்பட முடியவில்லை.

உண்மையான பெரிய வியாபாரம் அஜர்பைஜானோடு. 2024 செப்டம்பரில் பாக்கு விமான நிலையத்தில் அதிபர் அலியேவ் நேரில் வந்து விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். 2025 ஜூனில் பாகிஸ்தான் அரசு அறிவித்தது: 40 விமானம், 460 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு 11 கோடி டாலருக்கு மேல். மலிவு என்ற சொல் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். எண்ணெய்ப் பணம் உள்ள நாடு. கராபாக் போரில் தங்கள் பக்கம் நின்ற நட்புக்கும் அதில் ஒரு விலை இருக்கிறது. அஜர்பைஜானின் எதிரியான ஆர்மீனியா நம்மிடம் பினாக்கா ராக்கெட் வாங்குகிறது என்பதையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடக்காமல் போன ஒரு விற்பனை. எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1982 ஃபாக்லாந்துப் போருக்குப் பிறகு, தன் பாகங்கள் உள்ள ஆயுதம் அர்ஜென்டினாவுக்குப் போவதை பிரிட்டன் தடுத்து வந்தது. 2020-ல் தென்கொரிய நிறுவனம், தன் எஃப்ஏ-50-ல் ஆறு முக்கிய பாகங்கள் பிரிட்டனில் செய்தவை, ஆகவே விற்க முடியாது என்று அர்ஜென்டினாவுக்குக் கடிதம் எழுதியது. அடுத்து ஜேஎஃப்-17 களத்துக்கு வந்தது. 12 விமானத்துக்காக 66 கோடி டாலர் அர்ஜென்டினாவின் பட்ஜெட் வரைவிலேயே இடம்பெற்றது. தேஜஸும் பேச்சில் இருந்தது. இரண்டு விமானத்திலும் ஒரே முடிச்சு. பைலட் உட்காரும் இருக்கை.

ஆபத்து வந்தால் பைலட் கைப்பிடியை இழுப்பார். மேற்கூரை உடையும், இருக்கையோடு ராக்கெட் வெடித்து அவரை வெளியே தள்ளும், பாராசூட் விரியும். எல்லாம் சில நொடிகளில். இப்படிப்பட்ட இருக்கையை நம்பிச் செய்கிறவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் மூத்தவர் லண்டனுக்குப் பக்கத்தில் டென்ஹாமில் உள்ள மார்ட்டின்-பேக்கர். தேஜஸில் இருப்பது அவர்களுடைய ஐஎன்16ஜி. ஜேஎஃப்-17-ல் இருப்பது பிகே16எல்இ. இரண்டும் ஒரே வகை, பதினாறாம் மாதிரி. முன்னால் இருக்கும் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பைலட்டுகள் ஒரே குடும்பத் தொழிற்சாலையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ஒருவரையொருவர் குறிபார்க்கிறார்கள். அந்த நாற்காலிக்காரர் நாட்டு அரசு தலையசைக்காமல் இருவரும் புவனோஸ் அயர்ஸுக்கு விற்க முடியாது.

அர்ஜென்டினா கடைசியில் என்ன வாங்கியது தெரியுமா? 2024 ஏப்ரலில் டென்மார்க்கிடமிருந்து 24 பழைய எஃப்-16. அமெரிக்கா நிதி உதவியும் செய்தது. மலிவு விலைப் புது விமானத்துக்கு மெய்யான போட்டி இன்னொரு புது விமானம் அல்ல. நன்றாகப் பராமரித்த, பேர்பெற்ற, அமெரிக்க ஆசியோடு வரும் செகண்ட் ஹேண்ட் விமானம். புது மொபெட் விற்கிறவருக்கு எதிரே பழைய புல்லட் நிற்கிறது.

நம் கதைக்கு வருகிறேன். சுருக்கமாக முடியும், ஏனென்றால் தேஜஸுக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை. மலேசியாவின் 18 விமானப் போட்டியில் முன்னணியில் இருப்பதாக நம் பத்திரிகைகள் எழுதின. 2023-ல் அது தென்கொரிய எஃப்ஏ-50-க்குப் போனது. அதிலும் தேஜஸில் போடும் அதே எஃப்404 குடும்ப எஞ்சின்தான். ஆக எஞ்சினால் தோற்றோம் என்று சொல்ல வழியில்லை. ஆனால் எஞ்சினால் தாமதமானோம். 2021-ல் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் 99 எஞ்சின் கேட்டோம். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். நம் படைக்கே 83 விமானம் தர வேண்டியிருந்தது, 2025-ல் மேலும் 97-க்கு ஆணை. வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் காத்திருக்கும்போது, வாசலில் போகிறவரைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட முடியாது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில், உலகத்து வாங்குபவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தேஜஸ் விழுந்தது. அதன் பைலட் சூலூர் அணியைச் சேர்ந்தவர். அன்று எங்கள் பக்கத்தில் யாரும் ஏற்றுமதியைப் பற்றிப் பேசவில்லை.

அதைவிடப் பழைய பாடம் ஒன்று ஈக்வடாரில் கிடைத்தது. துருவ் ஹெலிகாப்டர் ஏழு விற்றோம். பெருமையாக இருந்தது. 2009-க்கும் 2015-க்கும் இடையில் நான்கு விழுந்தன. காரணம் எந்திரமா, ஓட்டியவரா என்று இரு தரப்பும் வாதாடின. உதிரிபாகம் நேரத்துக்கு வரவில்லை என்ற குறை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 2015-ல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். ஆண்டிஸ் மலையில் நிற்கும் ஒரு மெக்கானிக், பெங்களூர்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டு ஒரு வால்வு கேட்டால் எத்தனை நாளில் வரும்? மலிவு விமானம் விற்கும் நாட்டின் உண்மையான விளம்பரப் பலகை அந்த நாட்கணக்குதான். கம்ரா அதை முஷ்ஷாக்கிலேயே பழகிக்கொண்டது. நாம் பெரியதை விற்கக் கிளம்பி, சின்னதில் பெயரைக் கெடுத்துக்கொண்டோம்.

கடைசியாக இலங்கை. 2015, 2016-ல் ஜேஎஃப்-17 வாங்க அங்கே பேச்சு நடந்தது. இந்தியா எதிர்த்ததாகச் செய்தி வந்தது. ஒப்பந்தம் ஆகவில்லை. 2021-ல் இலங்கை அரசு, தன்னிடம் இருந்த ஐந்து பழைய இஸ்ரேலிய விமானங்களைப் புதுப்பிக்க 5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 1996 முதல் அவர்கள் வாங்கிய கிஃபிர் விமானங்கள் அவை. அதுவும் ஒரு மலிவு விலைப் போர் விமானம்தான். பிரெஞ்சு மிராஜின் உடலில் அமெரிக்க எஞ்சினைப் பொருத்தி இஸ்ரேல் செய்து விற்றது. வன்னியில் அதைக் 'கிபிர்' என்றார்கள். பிறகு அது ஒரு ரகத்தின் பெயராக நிற்கவில்லை. வானத்திலிருந்து எது வந்து குண்டு போட்டாலும் கிபிர்தான்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். இப்போது நல்ல வேலையில் இருக்கிறார். போன ஆண்டு கல்யாணப் பத்திரிகை வைக்க இருகூர் வீட்டுக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது டம்ளர்கள் கிணுகிணுத்தன. பேத்தி வழக்கம்போல் மாடிக்கு ஓடினாள், அவள் பின்னால் பக்கத்து வீட்டுப் பையனும். இவர் எழுந்தார். வெளியே போகவில்லை. கூடத்தின் மூலையில், சுவரும் சுவரும் சேரும் இடத்தில் போய் முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். சத்தம் அடங்கும்வரை தலையைத் தூக்கவில்லை. பிறகு எழுந்து வந்து, கீழே விழுந்திருந்த பத்திரிகைக் கட்டை எடுத்துத் தட்டி அடுக்கினார்.

"சேர், அது கிபிர் இல்லைத்தானே?" என்றார்.

"இல்லையப்பா, தேஜஸ்" என்றேன்.